தண்ணீரில் நின்றுபோன காரில் சாவியைத் திருப்பாதீர்!

எலி, வைக்கோல், வெயில்: டெல்டா கார்களுக்குக் காத்திருக்கும் மற்ற வம்புகள்

தஞ்சாவூர்:-

மழைத் தண்ணீரில் போன கார் பாதியில் நின்றுவிட்டது. ஓட்டியவர் என்ன செய்வார்? மறுபடியும் சாவியைத் திருப்புவார்.

அந்த ஒரு திருப்பில் என்ஜின் காலி!

சும்மா இறங்கி நின்றிருந்தால் சில ஆயிரம் ரூபாயில் கார் பிழைத்திருக்கும். சாவியைத் திருப்பியதால் செலவு லட்சத்தைத் தொட்டுவிடும்.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது தெருத் தெருவாகக் கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் அதே காட்சி. தண்ணீர் வடிந்ததும் ஆசையாகச் சாவியைப் போட்டுப் பார்த்தவர்கள் பிறகு தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள்.

டெல்டாவுக்குப் புயலும் வெள்ளமும் புதிதல்ல. 1977 நவம்பர் 12-ல் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலை மூத்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு கார் இருந்தால் பெரிது. இன்று தெருவுக்குத் தெரு கார் நிற்கிறது.

குறுவைக்கும் சம்பாவுக்கும் பட்டம் இருப்பதுபோல், டெல்டாவில் கார் கெடுவதற்கும் பட்டம் இருக்கிறது. மழையில் தண்ணீர். வயலில் தண்ணீர் ஏறினால் எலி. அறுப்பு முடிந்தால் வைக்கோல். சித்திரை பிறந்தால் வெயில். இந்தப் பட்டம் தெரிந்தவர் காருக்குச் செலவு குறைவு.

தண்ணீர் அமுங்காது

முதலில் தண்ணீர் விவகாரம்.

கார் என்ஜின் காற்றை உறிஞ்சித்தான் ஓடுகிறது. உள்ளே வரும் காற்றைப் பெட்ரோல் என்ஜினின் பிஸ்டன் சுமார் பத்தில் ஒரு பங்காக அமுக்குகிறது. டீசல் என்ஜினில் இன்னும் அதிகம்.

காற்று அமுங்கும். தண்ணீர் அமுங்காது!

காற்று போகும் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் முட்டிக்கொள்ளும். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில சமயம் ராடு முறிந்து, என்ஜின் பிளாக்கையே ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். பட்டறைகளில் இதற்கு 'ஹைட்ரோ லாக்' என்று பெயர்.

சரி, ஏன் எல்லோரும் சாவியைத் திருப்புகிறார்கள்? பழைய பழக்கம்தான்.

அம்பாசடர் காலத்தில் மழையில் வண்டி நின்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி நனைந்திருக்கும். டிரைவர் பானெட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து மாட்டுவார். வண்டி 'புர்ர்' என்று கிளம்பிவிடும். மேற்கு வங்காளத்து உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுபோனது. பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

இன்றைய காரில் அந்த டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. தண்ணீரில் வண்டி நின்றால், என்ஜின் தண்ணீரைக் குடித்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

தள்ளவும் கூடாது

வண்டி நின்றதும் நாலு பேர் ஓடி வருவார்கள். "அண்ணே, செகண்ட் கியரைப் போடுங்க, தள்ளி விடுறோம்" என்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் கியரில் போட்டுத் தள்ளினாலும் என்ஜின் சுற்றும். சாவியைத் திருப்பியதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

கியரை நியூட்ரலில் போட்டு மேட்டுக்குத் தள்ளலாம். அவ்வளவுதான்.

பிறகு செய்ய வேண்டியவை:

சாவியை எடுத்துவிட்டு, பாட்டரியின் மைனஸ் வயரைக் கழற்ற வேண்டும். தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது என்று தெரியும்படி போட்டோ எடுக்க வேண்டும். இன்சூரன்சுக்கு அது உதவும்.

கயிறு கட்டி இழுப்பதைவிட, தட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு போவது நல்லது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைச் சக்கரம் உருள இழுத்தால் கியர் பெட்டி தனியாகக் கெடும்.

பட்டறையில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு என்ஜினைக் கையால் சுற்றுவார்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். ஆயில், ஆயில் பில்டர், ஏர் பில்டர் எல்லாவற்றையும் மாற்றிய பிறகுதான் சாவிக்கு வேலை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் தெரியும். ஆயில் கும்பகோணம் டிகிரி காபி நிறத்தில் இருந்தால், தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

எலெக்ட்ரிக் கார், ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் ஆரஞ்சு நிற வயர் பக்கமே கை கொண்டுபோகக் கூடாது. அதில் ஓடுவது ஆளைக் கொல்லும் மின்சாரம். கம்பெனி ஆள் வந்துதான் தொட வேண்டும்.

ரோடு எது, வாய்க்கால் எது?

கார் போனால் வாங்கலாம். உயிர் போனால்?

டெல்டாவில் ரோட்டை ஒட்டியே வாய்க்கால் ஓடுகிறது. தண்ணீர் ஏறிவிட்டால் ரோடு எங்கே முடிகிறது, வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. தேங்கிய தண்ணீர் சக்கரத்தில் பாதிக்கு மேல் இருந்தால் இறங்கக் கூடாது. ஓடுகிற தண்ணீர் என்றால் 1 அடி ஆழமே சிறிய காரைத் தூக்கிவிடும். 2 அடி ஓடினால் பெரிய கார்களையும் இழுத்துக்கொண்டு போகும்.

கார் வாய்க்காலில் சாய்ந்துவிட்டால் போனை எடுக்க நேரம் இல்லை. பெல்ட்டை அவிழ்த்து, கண்ணாடியை இறக்கி, பிள்ளைகளை முதலில் வெளியே தள்ளி, தானும் வெளியேற வேண்டும். வெளியே தண்ணீர் அழுத்துவதால் கதவு திறக்காது. முன் கண்ணாடி லேசில் உடையாது. பக்கத்துக் கண்ணாடிதான் வழி.

இன்சூரன்ஸ் இருக்கிறதே?

"இன்சூரன்ஸ் கட்டியிருக்கேன், எனக்கென்ன?" என்று நினைப்பவர்கள் பாலிசியை எடுத்துப் படிப்பது நல்லது.

சட்டப்படி கட்டாயமானது மூன்றாம் நபர் இன்சூரன்ஸ். அதில் சொந்தக் காருக்கு வெள்ளத்தால் வந்த நஷ்டம் கிடைக்காது. முழு பாலிசியில் வெள்ளச் சேதம் உண்டு. ஆனால் அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. வெள்ளத்தால் நேராக வந்த சேதத்துக்குத்தான் பணம். பிறகு சாவியைத் திருப்பியதால் ராடு வளைந்தால், அது 'தொடர் நஷ்டம்' என்று கம்பெனிகள் கையை விரிக்கின்றன. சென்னை வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் காரணத்தால் பலருடைய பணம் குறைந்தது, அல்லது கிடைக்காமலே போனது.

என்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்க்கை உண்டு. கொஞ்சம் கூடுதல் பிரிமியம் கட்ட வேண்டும். பாலிசியைப் புதுப்பிக்கும்போது அது இருக்கிறதா என்று ஏஜெண்டைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஐப்பசி பிறந்த பிறகு நினைத்துப் பயன் இல்லை.

எலியார் குடித்தனம்

அடுத்தவர் எலியார்.

வயலில் தண்ணீர் ஏறினால் வரப்பு வளையை விட்டு எலி மேடு தேடும். அறுப்பு முடிந்தால் தீனி தேடி வீட்டுப் பக்கம் வரும். பானெட்டுக்கு அடியில் கதகதப்பு, இருட்டு, தொந்தரவு இல்லாத இடம். எலிக்கு வேறு என்ன வேண்டும்?

வயலில் எலி பிடிக்க மூங்கிலால் செய்த 'தஞ்சாவூர் கிட்டி' இருக்கிறது. காருக்குள் கிட்டி வைக்க முடியுமா?

ஸ்டார்ட் செய்ததும் டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு அணையாமல் எரிவது, ஏ.சி.யில் கெட்ட வாடை, காற்றில் பஞ்சும் தாளும் பறப்பது எல்லாம் எலி வந்துபோன அடையாளம்.

காரில் முறுக்கு, கடலை, பிஸ்கட் மிச்சம் இருக்கக் கூடாது. வைக்கோல் போர் பக்கத்திலும், நெல் மூட்டை அடுக்கிய இடத்திலும் காரை நிறுத்தக் கூடாது. கொட்டகைக்குள் நிறுத்துகிறவர்கள் இரவில் பானெட்டைத் தூக்கி வைத்தால் கதகதப்பு போகும், எலி தங்காது. பல நாள் எடுக்காத காரைத் தினம் ஒரு முறை திறந்தாவது பார்க்க வேண்டும்.

சிலர் புகையிலைக் கட்டு வைக்கிறார்கள். வாசனை இருக்கும் வரை எலி யோசிக்கும். வாசனை போனால் மறுபடி வந்துவிடும். எலி மருந்து மட்டும் வேண்டாம். தின்ற எலி ஏ.சி. குழாய்க்குள் செத்துக் கிடந்தால் அந்த நாற்றத்துக்கு மருந்து இல்லை!

கடித்த வயரை டேப் சுற்றி ஒட்டிவிட்டு ஓட்டுவதும் ஆபத்து. ஒழுங்காக இணைத்து, உறை போட வேண்டும். இல்லையென்றால் ஒரு நாள் அங்கே பொறி பறக்கும்.

வைக்கோலில் தீ

தை மாதம் சம்பா அறுப்பு. பிறகு உளுந்து, பயறு. ரோட்டில் நெல் காயும். உளுந்துச் செடியைப் பரப்பிவிட்டால் போகிற வண்டிகளே அடித்துக் கொடுத்துவிடும். விவசாயிக்குக் களம் இல்லாத குறை அது.

ஆனால் கார்க்காரருக்கு அங்கே கண்டம் காத்திருக்கிறது.

காருக்கு அடியில், சைலன்சர் வரிசையில், புகையைச் சுத்தம் செய்யும் 'கேட்டலிடிக் கன்வர்ட்டர்' இருக்கிறது. ஓடும்போது அதன் சூடு பல நூறு டிகிரி. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.-6 டீசல் கார்களில் கரி வடிகட்டியும் உண்டு. சேர்ந்த கரியை எரிக்கும்போது அது 600 டிகிரி அளவுக்குச் சூடாகும். வைக்கோல் ஆக்சிலில் சுற்றிக்கொண்டு அந்தக் குழாயைத் தொட்டால் என்ன ஆகும்? குபீர்!

காய்ந்த செடியும் வைக்கோலும் சுற்றிக் கார் எரிந்த சம்பவங்கள் தென் மாநிலங்களில் நடந்திருக்கின்றன.

முடிந்தால் ஒதுங்கிப் போக வேண்டும். முடியாவிட்டால் மெதுவாகத் தாண்டி, கொஞ்சம் தள்ளி நிறுத்தி, குனிந்து அடியில் பார்க்க வேண்டும். சுற்றியிருந்தால் குச்சியால் இழுக்க வேண்டும். கையை விட்டால் சுட்டுவிடும். வைக்கோல் மேல் காரை நிறுத்தவே கூடாது.

கருகல் வாடை வந்தால் "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்ற பேச்சே வேண்டாம். உடனே நிறுத்தி, என்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கித் தூரப் போக வேண்டும். பானெட்டில் புகை வந்தால் அதை முழுவதும் திறக்கக் கூடாது. காற்று உள்ளே பாய்ந்து தீ மூளும். தீயணைப்பு நிலையத்துக்கு 101, அவசர உதவிக்கு 112.

காயும் நெல் மேல் சடன் பிரேக் போட்டால் நெல்மணி சக்கரத்துக்கு அடியில் உருளும். கார் வழுக்கும். இரு சக்கர வண்டி என்றால் ஆளே விழுவார்.

அக்னி நட்சத்திரம்

சித்திரை வெயிலில் சூட்டு முள் ஏறினால் முதலில் ஏ.சி.யை அணைக்க வேண்டும். பிறகு ஓரமாக நிறுத்த வேண்டும். அரை மணி நேரமாவது ஆற விடாமல் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

அவசரத்துக்குச் சாதாரணத் தண்ணீர் ஊற்றலாம். தினமும் போர் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து குழாய் அடைக்கும். கூலண்ட்தான் சரி. நாகூர், வேளாங்கண்ணி என்று கடற்கரைக்குப் போய் வந்தால் காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவினால் துரு குறையும்.

ஞாயிற்றுக்கிழமை 10 நிமிஷம்

வாரம் ஒரு நாள் காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டியவை:

ஆயில் குச்சியில் இரு கோட்டுக்கு நடுவே ஆயில் இருக்கிறதா? கூலண்ட் மட்டம் சரியா? பிரேக் ஆயில் இறங்கியிருக்கிறதா?

டயரில் காற்று எவ்வளவு வேண்டும் என்று டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். ஸ்டெப்னிக்கும் அடித்துக்கொள்ள வேண்டும். டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயரை மாற்ற வேண்டும்.

வண்டி ஓடாதபோது பாட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் நல்ல நிலை. 12-க்குக் கீழே போனால் காலி.

முன்விளக்கு, பிரேக் விளக்கு, வைப்பர் மூன்றும் வேலை செய்கின்றனவா? வைப்பர் ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். புரட்டாசியிலேயே மாற்றிவிட்டால், ஐப்பசி அடைமழையில் ரோடு தெரியும்.