ஒரு சில்லுக்குள் பல மூளைகள்

உள்ளங்கையில் அடங்கும் கைபேசிக்குள் சிறு சதுரமாக ஒரு சிலிக்கான் சில்லு இருக்கிறது. அதற்குள் எத்தனை மூளைகள் இருக்கும்? “ஒன்றுதானே!” என்று விடை கூறத் தோன்றும். உண்மை அதுவன்று.

2011-ஆம் ஆண்டில் வெளிவந்த கிண்டில் ஃபயர் என்னும் பலகைக் கணிப்பொறியை எடுத்துக்கொள்வோம். அதில் இருந்தது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தாரின் ஓமாப் 4 வகைச் சில்லு. இவ்வகைச் சில்லுக்குள் கார்டெக்ஸ் ஏ9 என்னும் பெரிய பிராசசர்கள் இரண்டு, கார்டெக்ஸ் எம்3 என்னும் சிறியவை இரண்டு, ஒலி, ஒளி அலைகளைக் கணக்கிடும் டி.எஸ்.பி. ஒன்று, ஆக ஐந்து கணக்கிடும் மூளைகள் உள்ளன.

பெரியவை மட்டும் போதாவா என்று கேட்கலாம். பெரிய பிராசசர் ஒரே சமயத்தில் நூறு வேலைகளை மாறி மாறிப் பார்க்கிறது. ஆகவே, குறித்த நொடியில் குறித்த வேலையைச் செய்வேன் என்று அதனால் உறுதி கூற இயலாது. ஆனால் ஒரு மோட்டாருக்குச் செல்லும் மின்துடிப்பு சிறிது பிந்தினாலும் இயந்திரம் தடுமாறும். பீகிள்போன் பிளாக் என்னும் சிறு கணிப்பொறியில் இதற்கெனவே இரண்டு குட்டிப் பிராசசர்கள் உள்ளன. அவற்றின் ஒரு கடிகாரத் துடிப்பு 5 நானோவினாடி. வேறு எதிலும் கவனம் சிதறாமல், ஏற்ற ஒரே வேலையை அவை செய்துகொண்டிருக்கும்.

இத்தகைய துணை மூளைகளுக்கு ரிமோட் பிராசசர், அதாவது தொலைப் பிராசசர் என்று பெயர். ஒரே சில்லுக்குள் இருந்தாலும், பெரிய பிராசசரில் ஓடும் லினக்ஸுக்கு அவை அப்பாற்பட்டவை. தமக்கென எழுதப்பட்ட தனி நிரலையே ஓட்டுபவை. அவற்றை எழுப்புவதும் கண்காணிப்பதும் யார் பொறுப்பு? ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் உட்கருவாகிய கெர்னலின் பொறுப்பு. முன்பெல்லாம் ஒவ்வொரு சில்லு நிறுவனமும் இதற்கெனத் தனித்தனியே நிரல் எழுதி வந்தது. 2012-ஆம் ஆண்டு வெளியான லினக்ஸ் 3.4 பதிப்பில் ‘ரிமோட்பிராக்’ என்னும் பொது ஏற்பாடு சேர்க்கப்பட்டது. இதன்பின் சில்லு நிறுவனத்தார், “எழுப்பு, நிறுத்து, தட்டிக் கூப்பிடு” என்னும் சில செயல்களைத் தம் சில்லுக்கு ஏற்றவாறு டிரைவரில் எழுதினால் போதும். எஞ்சியவற்றைப் பொதுப்பகுதியே பார்த்துக்கொள்ளும்.

அது நடைபெறும் முறையைக் காண்போம். முதலில், துணைப் பிராசசருக்குரிய நிரலைக் கெர்னல் கோப்பிலிருந்து எடுக்கிறது. அந்நிரலுடன் ஒரு தேவைப்பட்டியல் இருக்கும். பள்ளி திறக்கும் நாளில் ஆசிரியை, “எனக்கு இந்த அறை வேண்டும், இத்தனை மேசைகள் வேண்டும்” என்று எழுதிக் கொடுப்பது போன்றது இது. இவ்வளவு நினைவகம் வேண்டும், செய்தி அனுப்ப இந்த வழி வேண்டும் என்று அதில் குறித்திருக்கும். கெர்னல் அவற்றை ஒதுக்கி, நிரலை உரிய இடத்தில் ஏற்றி, பின்னரே துணைப் பிராசசரை ஓடவிடுகிறது. அதன்பின் இரண்டும் பொதுவான நினைவகத்தில் செய்தியை வைத்து, ஒன்றையொன்று தட்டிக் கூப்பிட்டுப் பேசிக்கொள்கின்றன. இம்முறைக்கு ஆர்.பி.மெசேஜ் என்று பெயர்.

துணைப் பிராசசர் செயலற்றுப் போனால் என்ன ஆகும்? தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டாலோ, காவல் கடிகாரத்துக்கு உரிய நேரத்தில் பதில் தராவிட்டாலோ, டிரைவர் அதைக் கண்டு கெர்னலுக்கு அறிவிக்கும். கெர்னல் பதறுவதில்லை. அந்தப் பிராசசரை மட்டும் நிறுத்தி, அதன் நிரலை மீண்டும் ஏற்றி எழுப்புகிறது. ஏன் விழுந்தது என்று பிறகு ஆராய்வதற்காக, அதன் நினைவகத்தைப் படியெடுத்து வைக்கவும் வசதியுண்டு. ஓர் உறுப்பு விழுந்ததால் முழு அமைப்பும் விழ வேண்டியதில்லை.

இதனினும் நுட்பமான ஒன்றுண்டு. சில கருவிகளில், லினக்ஸ் விழிப்பதற்கு முன்பே தொடக்க நிரல் துணைப் பிராசசரை ஓடவிட்டிருக்கும். அப்போது கெர்னல் தன் வழக்கப்படி அதை நிறுத்தித் தொடங்கினால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நடுவில் நின்றுவிடும் அன்றோ? ஆகவே 2020-ஆம் ஆண்டில் ‘இணைந்துகொள்’ என்னும் வழி சேர்க்கப்பட்டது. நடக்கும் வேலையைக் கலைக்காமல், கெர்னல் அதனுடன் தொடர்பை மட்டும் ஏற்படுத்திக்கொள்ளும்.

தோழியரே! எல்லா வேலையையும் தானே செய்வது தலைமை அன்று. உரியவரிடம் ஒப்படைத்து, வேண்டியதை முன்னதாகவே கொடுத்து, விழுந்தால் தூக்கிவிட்டு, நன்றாக நடக்கும் வேலையில் குறுக்கிடாதிருப்பதே தலைமை. உயிரற்ற சில்லுக்குள்ளும் பொறியாளர்கள் இதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை கைபேசியைக் கையில் எடுக்கும்போது, உள்ளே ஓசையின்றி உழைக்கும் அந்தச் சிறிய மூளைகளையும் சற்றே நினைத்துப் பாருங்கள்!