ஒற்றைப் புள்ளியின் ஊர்சுற்றல்

அபோபிசிஸ் என்ற இலவச மென்பொருளில் தூரிகை கிடையாது. அதன் எடிட்டரைத் திறந்தால் சில முக்கோணங்களும் நிறைய எண்களும்தான். ஒரு முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுத்தால், படத்திலுள்ள ஒளிச்சுருள் மொத்தமும் வேறு உருவம் கொள்கிறது. ஒவ்வொரு முக்கோணமும் ஒரு கணிதச் சார்பு. இழுக்கும்போது மாறுவது அதன் எண்கள்.

இவ்வகைப் படங்களுக்கு ஃப்ராக்டல் ஃப்ளேம் என்று பெயர். ஸ்காட் டிரேவ்ஸ் 1992-இல் உருவாக்கிய முறை. அதை வைத்து மார்க் டவுன்செண்ட் விண்டோஸுக்காக எழுதியதே அபோபிசிஸ்.

உள்ளே ஓடுவது ஒரே ஒரு புள்ளி. சார்புகளில் ஒன்றைக் குலுக்கிப் போட்டு எடுத்து, புள்ளியை அதில் செலுத்தினால் அது வேறு இடத்துக்குத் தாவும். அங்கிருந்து மறுபடி குலுக்கல், மறுபடி தாவல். முதல் 20 தாவல்களைப் பதிவு செய்வதில்லை. அதற்குள் புள்ளி எங்கே தொடங்கியிருந்தாலும் சார்புகள் அதை உருவத்துக்குள் இழுத்துவிடும். பிறகு கோடிக்கணக்கான தாவல்கள். மைக்கேல் பார்ன்ஸ்லி நான்கே சார்புகளால் பெரணி இலையை வரைந்ததும் இப்படித்தான். அவருடைய சார்புகள் சுருக்கும், திருப்பும், சாய்க்கும், நகர்த்தும்; அவ்வளவே. டிரேவ்ஸ் அவற்றின் மேல் வளைக்கும் சார்புகளை ஏற்றினார். அவற்றில் ஒன்று, மையத்தருகே வந்த புள்ளியை வெகுதூரம் எறிந்து, தொலைவில் இருந்ததை மையத்துக்கு இழுத்துவரும்.

ஆனால் பாதிப் பெருமை கணக்குப்பிள்ளைக்குச் சேர வேண்டும் என்பது என் கட்சி. பழைய முறையில் புள்ளி வந்த இடம் வெள்ளை, வராத இடம் கறுப்பு. டிரேவ்ஸின் நிரலோ ஒவ்வொரு பிக்சலுக்கும் எத்தனை முறை வந்தது என்று எண்ணி வைக்கிறது. ஓரிடத்தில் 10 முறை, இன்னோரிடத்தில் 10 லட்சம் முறை என்றால், அப்படியே வெளிச்சமாக்கும்போது முன்னது இருளில் கரைந்துபோகும். 10-ஐ அடியாகக் கொண்டு மடக்கை எடுத்தால் அவை 1, 6 ஆகின்றன. இரண்டும் கண்ணுக்குத் தெரியும். அந்தப் புகை போன்ற மென்மை வந்த வழி இதுதான். நிறத்திலும் கணக்கு உண்டு. ஒவ்வொரு சார்புக்கும் ஒரு வண்ண எண். தாவும்போதெல்லாம் புள்ளியின் வண்ண எண் அதை நோக்கிப் பாதி தூரம் நகரும். ஆகவே நிறத்தைப் பார்த்தே புள்ளி அண்மையில் கடந்துவந்த சார்புகளை ஊகிக்கலாம்.

1999-இல் டிரேவ்ஸ் எலெக்ட்ரிக் ஷீப் என்ற ஸ்கிரீன்சேவரை வெளியிட்டார். இதில் ஒவ்வொரு அசைபடமும் ஓர் ஆடு. சும்மா இருக்கும் கணினிகள் இணையம் வழியே வேலையைப் பங்கிட்டு அவற்றை வரையும். பார்ப்பவர் மேல் அம்புக்குறியை அழுத்தினால் பிடித்திருக்கிறது, கீழ் அம்புக்குறி என்றால் பிடிக்கவில்லை. வாக்கு வாங்கிய ஆடுகளின் எண்களைக் கலந்து அடுத்த தலைமுறை பிறக்கும். ஒருவர் பார்த்துப் பார்த்துச் செய்த படத்தையும் மந்தையில் சேர்க்கலாம். இனக்கலப்பில் அதற்கும் பங்குண்டு.