தொலைவில் நின்று நெருங்கிப் பார்த்தல்

நோயிலிருந்து தேறிவரும் நாட்களில், "முன்பு விரும்பிச் செய்தவற்றை இனியும் செய்ய இயலுமா?" என்ற வினா பலருக்கும் எழுகிறது. பறவைகளைப் படமெடுப்பதில் ஈடுபாடு உடையோர்க்கு இவ்வினா இன்னும் கூர்மையானது. எடை மிகுந்த லென்ஸைத் தூக்க வேண்டும். நெடுநேரம் காத்திருக்கவும் வேண்டும். எனினும் இக்கலையைத் துறக்க வேண்டிய தேவை பெரும்பாலோர்க்கு இல்லை. பறவைக்கும் நமக்கும் இடையே தக்க தொலைவைக் காப்பதே இதன் அடிப்படை. அத்தொலைவு பறவையைக் காக்கிறது. தேறிவரும் உடலையும் காக்கிறது.

பறவைக்கு உரிய தொலைவு

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் இதற்கு நல்ல சான்று. மழைக்காலத்திற்குப் பின் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா முதலியவை ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. காண வருவோர் கரையிலேயே நிற்கின்றனர். பறவைகள் அஞ்சாதிருக்க, தீபாவளியன்றும் வெடிகளைத் தவிர்ப்பவர்கள் இவ்வூர் மக்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் அவர்களின் வயல்களுக்கு உரமாகிறது.

கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும். அவ்வேளையில் முட்டைகள் வெயிலில் காயும். காகங்கள் கவர்ந்து செல்லவும் கூடும். 400 அல்லது 600 மி.மீ. டெலிஃபோட்டோ லென்ஸ் நம்மை அப்பால் நிறுத்தியே பறவையை அருகில் காட்டுகிறது.

கருவி ஏற்கும் பணி

நீண்ட லென்ஸில் குவியம் தவறுவது எளிது. எஃப் 4 துளையுடைய 600 மி.மீ. லென்ஸால் 10 மீட்டர் தொலைவிலுள்ள பறவையைப் படமெடுத்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 6 அல்லது 7 செ.மீ. மட்டுமே. அலகு தெளிந்து கண் மங்கினால் படம் உயிரிழந்துவிடும். முன்னர் லென்ஸின் வளையத்தை விரலால் திருப்பியே குவியம் அமைத்தனர். இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றின் ஆட்டோஃபோகஸ், பறவையின் கண்ணைத் தானே கண்டறிந்து, அது பறக்கும்போதும் பின்தொடர்கிறது. ஷட்டர் வேகத்தை நொடியில் 2000-ல் ஒரு பங்காக வைத்தால் சிறகசைவு உறைந்து நிற்கும். கையின் மெல்லிய நடுக்கமும் படத்தில் பெரிதும் தெரியாது. விரைவைக் கருவி ஏற்றுக்கொள்வதால், பொறுமை ஒன்றே நம் பங்காகிறது.

உடலுக்கு உரிய கவனம்

600 மி.மீ. எஃப் 4 லென்ஸ் மட்டுமே சுமார் 3 கிலோ எடையுள்ளது. 100–400 மி.மீ. ஜூம் லென்ஸ்கள் பல ஏறத்தாழ ஒன்றரை கிலோதான். நெஞ்செலும்பைத் திறந்து இதய அறுவை செய்துகொண்டோர், பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டோர், தோளில் சிகிச்சை பெற்றோர் ஆகியோர் எவ்வளவு எடையைத் தூக்கலாம், கையை எவ்வளவு உயர்த்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே கேமராவைத் தொடவேண்டும். அனுமதி கிடைத்த பின்னும் எடையை முக்காலி தாங்கட்டும். அரிசி நிரப்பிய துணிப்பையைச் சன்னல் விளிம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்தும் படமெடுக்கலாம்.

உறுப்புமாற்று சிகிச்சைக்குப் பின் நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உண்போரும், புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோரும் பறவைகள் அடையும் மரங்களின் கீழே நிற்கலாகாது. உலர்ந்த எச்சத்தில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சைகள் இருக்கக்கூடும். புறாக்கள் தங்கும் மாடங்களுக்கும் இது பொருந்தும். வெளியே செல்லலாமா என்பதையும் இவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உடன் இருப்போர்க்கு

முக்காலியைச் சுமப்பது உங்கள் பொறுப்பாகட்டும். வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். குடிநீரும் மருந்துகளும் கைவசம் இருக்கட்டும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தலைசுற்றல் தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவ உதவியை நாடுங்கள்.

வெளியே செல்ல இயலாத நாட்களிலும் வாய்ப்பு உண்டு. செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டையும், மதில்மேல் அமரும் மைனாவையும் சன்னலருகே அமர்ந்தே படமெடுக்கலாம். நோயாளி படமெடுக்க, உடன் இருப்பவர் பறவையின் பெயரையும் வந்த நேரத்தையும் ஓர் ஏட்டில் குறித்துவரலாம். மருந்து வேளைகளை மட்டுமே எண்ணிக் கழியும் நாளில், இருவரும் சேர்ந்து எதிர்நோக்க அந்த வீட்டில் வேறொன்றும் இருக்கும்.