கடல் கடந்த செல்வமும் சட்டத்தரணியின் கடமையும்

ஒருவன் பிறந்த ஊரிலேயே வாழ்ந்து, அவ்வூரிலேயே பொருளீட்டி, அவ்வூரிலேயே மாள்வானாயின், அவனுடைய ஆதனத்தைப் பங்கிடுதற்கு ஒரு நாட்டின் சட்டமே போதும். ஒரு நாட்டிற் பிறந்து, வேறொரு நாட்டில் உழைத்து, மூன்றாவது நாட்டிற் பணத்தை வைப்பிலிட்டு இறப்பானாயின், அவன் செல்வத்தின்மீது பல நாட்டுச் சட்டங்கள் உரிமை கொண்டாடும். அவற்றிடையே வழி கண்டு கொடுப்பதே பன்னாட்டுச் செல்வர்க்குத் துணைநிற்கும் சட்டத்தரணியின் தொழில். இலண்டன், ஜெனீவா முதலிய நகரங்களில் இஃது ஒரு தனித்துறையாக வளர்ந்துள்ளது. எனினும், இத்துறையின் அடிப்படைச் சிக்கல்கள் யாழ்ப்பாணத்துப் பிரக்கிராசிமாரும் நொத்தாரிசுமாரும் நெடுங்காலம் கண்டறிந்தனவேயாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி தொடக்கம் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயா சென்று, புகைவண்டிப் பகுதியிலும் பிற அரசாங்கப் பகுதிகளிலும் உத்தியோகம் பார்த்தனர். அவர் தேட்டத்தில் ஒரு பங்கு அங்கே காணியாயிற்று. மறு பங்கு இங்கே வீடாகவும் வயலாகவும் புதல்வியர் சீதனமாகவும் ஆயிற்று. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி உறுதியானது நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையாக ஒப்பமிடப்படல் வேண்டும். உரியவர் கோலாலம்பூரில் இருக்க, காணி சாவகச்சேரியிற் கைமாற வேண்டின், அற்றோணித் தத்துவம் இன்றியமையாததாயிற்று.

இத்தகைய கட்சிக்காரரிடம் சட்டத்தரணி முதலில் அறிய வேண்டுவது அவர் செல்வத்தின் அளவன்று. அவருடைய நிலையான வதிவிடம் யாது என்பதேயாம். ஒல்லாந்தர் காலத்தில் 1707 இல் தொகுக்கப்பெற்று, 1806 இல் ஆங்கில அரசினரால் உறுதிசெய்யப்பெற்ற தேசவழமை, யாழ்ப்பாண மாகாணத்து வாசிகளான தமிழர்க்கு உரியது. பிறப்பினாலே தமிழர் என்பது மாத்திரம் போதாது. இம்மாகாணத்தை நிலையான வாசத்தலமாகக் கொண்டிருத்தலும் வேண்டும். முப்பது ஆண்டு பிறநாட்டில் இருந்தவர் ஊர் திரும்பும் எண்ணத்தோடு இருந்தாரா, அன்றி அந்நாட்டையே தமதாக்கிக்கொண்டாரா என்னும் வினாவிற்கேற்ப, அவருடைய மனைவி மக்களின் பங்கு வேறுபடும்.

அதன்பின்னும் சிக்கல் தீர்வதில்லை. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம், தேசவழமைக்கு உட்பட்டோரின் ஆதனம் எங்கிருப்பினும் தன் விதிகள் பொருந்தும் என்கின்றது. மலேசியாவின் 1958 ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டமோ, மரணசாதனம் எழுதாது இறந்தவரின் நிலையான வதிவிடம் எங்கிருப்பினும், அந்நாட்டிலுள்ள அசையா ஆதனம் தன் விதிப்படியே பங்கிடப்படும் என்கின்றது. ஆகவே ஒரு தந்தையின் ஈப்போக் காணியும் மானிப்பாய்க் காணியும் வெவ்வேறு அளவிற் பங்காகலாம்.

குடும்ப வழக்கத்தை அறியாது செல்வத்தை அளக்கவொண்ணாது என்பதற்கு, இலங்கையில் எழுந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார் குடும்ப வழக்கொன்று சான்றாகும். ஒரே மகன் 1934 இலும், தந்தையாராகிய அருணாசலஞ் செட்டியார் 1938 இலும் இறந்தனர். இந்துக் கூட்டுக்குடும்ப ஆதனத்துக்கு அக்காலத்து மரணவரியிலிருந்து விலக்கு இருந்தது. மகன் இறந்தபின் தந்தை ஒருவரே எஞ்சிய ஆண் பங்காளியாதலின், ஆதனம் அவருடைய தனியுடைமை என்றது அரசு. குடும்பத்துக் கைம்பெண்கள் மகன்மை கொள்ளுதற்கு உரியராதலின் கூட்டுக்குடும்பம் நிலைபெற்றிருந்தது என இலண்டன் கோமறைக் கழகம் 1957 இல் தீர்ப்பளித்தது.

இத்தொழிலில் யாவற்றினும் அரிது நடுநிலை. பணம் அனுப்புபவரும் பணிப்புரை எழுதுபவரும் கடலுக்கு அப்பால் இருக்கின்றனர். அவர் எழுத்தினால் நன்மை தீமை அடைபவர் இங்கே இருக்கின்றனர். 1911 ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவி தன் சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் பிறநாட்டிலிருந்து கடிதம் எழுதானாயின் அவள் கை கட்டுண்டு நிற்பாள். ஆயினும், கணவன் அவளைக் கைவிட்டவிடத்தும், அவனிருக்குமிடம் தெரியாதவிடத்தும், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தவிடத்தும், அச்சம்மதத்துக்கு ஈடான அனுமதியை மாவட்ட நீதிமன்று வழங்கலாம் என அச்சட்டமே விதித்துள்ளது. கணவனிடம் வேதனம் பெறும் சட்டத்தரணி இவ்வழியை அவளுக்கு எடுத்துரைப்பாரா? இருவர் நலனும் முரணுமிடத்து, வேறொரு சட்டத்தரணியை நாடும்படி அவளுக்குச் சொல்லுதலே நேர்மையாகும்.

1973 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அப்புக்காத்து, பிரக்கிராசி என்னும் வேறுபாடு ஒழிந்து, யாவரும் சட்டத்தரணிகளாயினர். மலாயாவிற்குப் பதிலாகக் கனடா, பிரித்தானியா, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து இன்று அற்றோணித் தத்துவங்கள் வருகின்றன. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம், பிறநாட்டுக் குடிமக்கள் இலங்கையிற் காணி வாங்குவதைப் பொதுவாகத் தடுத்து, இரட்டைக் குடியுரிமை உடையோர்க்கும் நெருங்கிய உறவினரிடமிருந்து வழியுரிமையாற் பெறுவோர்க்கும் விலக்களித்துள்ளது. ஆதலின், குடியுரிமைப் பத்திரத்தைப் பாராது உறுதி எழுதுதல் இன்று பெரும் பிழையாகும்.

செல்வம் கடல் கடக்கலாம், சட்டங்கள் மாறலாம். தொலைவிலிருப்பவர் காணாதவிடத்தும் அவர் நலனைக் காத்து, அருகிலிருப்பவர் அறியாமையைத் தமக்கு ஊதியமாக்காது ஒழுகும் சட்டத்தரணியே இத்தொழிலுக்கு உரியவர்.