தொண்ணூறும் நூறும்

திண்ணைக் கணக்கு: அத்தியாயம் 9

கும்பகோணத்தில் பாத்திரப் பட்டறைகள் நிறைந்த அந்தத் தெருவில், எண்ணெய்க் கடைக்காரப் பெரியவர் தம் கடையின் பக்கத்துத் திண்ணையை மாலை வேளையில் இரண்டு மணி நேரம் எங்களுக்கு இரவலாக விட்டுக்கொடுத்த கதையைச் சென்ற வாரம் சொல்லி நிறுத்தியிருந்தேன். 1971-ஆம் வருஷம் அது. காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் முப்பத்தேழு பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்ற பிறகு, மாணவன் என்றால் ஊருக்கு ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற பேச்சு எங்கும் அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்ட நாங்கள் மூவர், எந்தத் திட்டத்திலும் சேராமல், எவருடைய உத்தரவையும் எதிர்பாராமல், பட்டறைத் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதென்று நாங்களாகவே தீர்மானித்துக்கொண்டோம். நான் அப்போது பி.எஸ்ஸி. கணிதத்தில் இரண்டாவது வருஷம். தொகை நுண்கணிதத்தில் நல்ல மார்க்கு வாங்கியிருந்தவனுக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கு ஒரு பொருட்டா என்ற கர்வம் எனக்கு இருந்தது என்பதை மறைப்பதில் இப்போது பிரயோஜனமில்லை.

பிள்ளைகள் பதினைந்து பேருக்குக் குறையாமல் வருவார்கள். பித்தளையைத் தட்டும் ஓசை ஆறரை மணிக்குப் பிறகுதான் ஓயும். அதுவரை நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்காது, அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்காது. ஆகையால் முதல் முக்கால் மணி நேரம் எழுத்து வேலை, ஓசை ஓய்ந்த பின் வாய்ப்பாடு, அதன் பின் சொல்வதெழுதுதல் என்று ஒரு கிரமம் தானாகவே ஏற்பட்டுவிட்டது. முதல் இரண்டு வாரம் எங்களை 'சார்' என்று அழைத்தவர்கள், அரிக்கேன் விளக்கின் கண்ணாடியை நான் துடைக்கப் போய் உடைத்துவிட்ட மாலையிலிருந்து 'அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த மாற்றம் எனக்கு அப்போது சற்று வருத்தமாகவே இருந்தது.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். பட்டறையில் துருத்தி ஊதிவிட்டு நேரே வருவான். விரல் நுனியெல்லாம் கரி. ஒரு நாள் எண்களைச் சொல்லி எழுதச் சொன்னபோது, 'தொண்ணூற்றெட்டு' என்றதற்கு அவன் பலகையில் 108 என்று எழுதினான். திருத்தினேன். மறுபடி சொன்னேன், மறுபடி 108. அவன் கவனமில்லாதவன் என்று முடிவு கட்டி, என்னுடைய உபாத்தியாயர்கள் எனக்கு எதைச் செய்தார்களோ அதையே நானும் செய்தேன்: 98 என்று நூறு தரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். அவன் எழுதிக்கொண்டு வந்தான். வரிசை கோணாமல், ஓர் எண்கூடக் குறையாமல், ஒன்பதின் வால்கள் எல்லாம் ஒரே பக்கம் வளைந்து நிற்க, பார்ப்பதற்கே அழகாக இருந்தது. அன்று மாலை திருப்தியோடு, 'தொண்ணூற்றெட்டு எழுது' என்றேன். 108 என்று எழுதினான்.

கோபம் வந்தது என்பதைவிட அவமானம் வந்தது என்பதே சரி. பக்கத்துப் பலகைகளை எட்டிப் பார்த்தேன். இன்னொரு பையன் 908 என்று எழுதியிருந்தான். மூன்றாமவள், வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பத்துச் சிறுமி, படிப்பில் அப்படியொன்றும் கெட்டிக்காரியல்ல. அவள் மட்டும் 98 என்று சரியாக எழுதியிருந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்டதற்கு, அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, 'தொம்பை எனிமிதி' என்று தனக்குள் சொல்லிப் பார்த்ததாகச் சொன்னாள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. கரி விரல் பையனிடம் திரும்பி, அதுவரை ஒரு தரமாவது கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அன்றுதான் கேட்டேன்: "ஏன்டா இப்படி எழுதினே?"

"நூத்தெட்டுதானே அண்ணே சொன்னீங்க? முன்னாடி தொண்ணுனு ஒண்ணு வருது. அதுக்கு எழுத்து எங்களுக்குச் சொல்லித் தரலை."

கும்பேசுவரன் கோயிலில் தாயார் நூற்றெட்டுச் சுற்றுச் சுற்றும்போது பின்னாலேயே எண்ணிக்கொண்டு போகிற பிள்ளைக்கு நூற்றெட்டு என்பது எத்தனை பரிச்சயமான சொல்! அந்தச் சொல்லை முழுசாக வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கிறது தொண்ணூற்றெட்டு. நான் அப்போது பத்தொன்பது வருஷமாகத் தமிழ் பேசி வந்தவன். தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு உட்கார்ந்திருப்பது என் காதில் ஒரு நாளும் விழுந்ததில்லை. பழக்கம் காதை அடைத்துவிடுகிறது. அவனுக்கு அந்தச் சொல் இன்னும் பழகவில்லை. ஆகையால் உள்ளது உள்ளபடி கேட்டது.

மறுநாள் கல்லூரியில் எங்கள் தமிழ்ப் பேராசிரியரிடம் போய் நின்றேன். கணித மாணவன் தம்மைத் தேடி வந்ததில் அவருக்குப் பரம சந்தோஷம். ஒன்பதும் பத்தும் புணர்ந்து தொண்ணூறு ஆவதற்கும், ஒன்பதும் நூறும் புணர்ந்து தொள்ளாயிரம் ஆவதற்கும் தொல்காப்பியரே விதி வகுத்திருக்கிறார் என்றும், நன்னூலாரும் அதை வழிமொழிந்திருக்கிறார் என்றும் சொல்லிவிட்டு, விதி இருப்பதனால் விநோதம் தீர்ந்துவிடாது என்று சிரித்தார். மற்ற எண்களைப் பார்: இருபது, முப்பது, எழுபது, எண்பது எல்லாம் பத்தின் வீட்டுப் பிள்ளைகள், இருநூறு, எண்ணூறு எல்லாம் நூற்றின் வீட்டுப் பிள்ளைகள். ஒன்பதன் வர்க்கம் மட்டும் ஒரு படி மேலே உள்ள வீட்டில் போய்க் குடியிருக்கிறது. ஒன்பதில் பத்தின் ஒலி, தொண்ணூற்றில் நூறு, தொள்ளாயிரத்தில் ஆயிரம். மலையாளத்திலும் அப்படியே. கன்னடத்திலும் தெலுங்கிலும் தொண்ணூறு அப்படி இடம் பெயரவில்லை. அங்கே தொம்பத்து, தொம்பை என்று பத்தின் வரிசையிலேயே நிற்கிறது. திண்ணையில் அந்தத் தெலுங்குச் சிறுமி தப்பாமல் எழுதியதன் காரணம் எனக்கு அந்த க்ஷணத்தில் விளங்கிற்று.

பேராசிரியர் அதோடு விடவில்லை. ஒன்பதுக்குப் பழந்தமிழில் 'தொண்டு' என்றே ஒரு பெயர் உண்டு, பரிபாடலில் வருகிறது என்றார். ஆதியில் தொண்டு ஒன்பதாகவும், தொண்பது தொண்ணூறாகவும், தொண்ணூறு தொள்ளாயிரமாகவும், தொள்ளாயிரம் ஒன்பதாயிரமாகவும் இருந்து, பிற்காலத்தில் ஒவ்வொன்றும் ஒரு படி கீழே இறங்கிவிட்டன என்பது தேவநேயப் பாவாணரின் கொள்கை. எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவன்று அது; ஆயினும் அதை ஒப்புக்கொண்டால், தொண்ணூற்றெட்டை 908 என்று எழுதிய இரண்டாவது பையன், பல நூற்றாண்டுகளுக்கு முன் பிறந்திருந்தால் முழு மார்க்கு வாங்கியிருப்பான்! பேராசிரியர் கடைசியாக, "நீ திண்ணையில் செய்வதற்கும் அதே பெயர்தானப்பா" என்று சொல்லி என்னை வழியனுப்பினார். தொண்டு என்ற சொல்லின் இரண்டு அர்த்தங்களுக்கும் வேர் ஒன்றுதானா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று மாலை வகுப்புக்குப் போயிருக்க மாட்டேன்.

வகுப்பில் ஒரு பரீட்சை செய்து பார்த்தேன். தப்பு என்பது கவனக் குறைவால் விளைந்ததானால், அது இன்றைக்கு ஒரு விதமாகவும் நாளைக்கு ஒரு விதமாகவும் இருக்கும். காரணத்தோடு விளைந்ததானால், முன்கூட்டியே இன்னதுதான் வரும் என்று சொல்லிவிடலாம் அல்லவா? 'தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு' என்றேன். கரி விரல் பையன் தயங்கவே இல்லை. 1108 என்று எழுதினான். ஆயிரத்து நூற்றெட்டு! நான் மனசுக்குள் எழுதி வைத்திருந்த விடையும் அதுவே. நூறு தரம் எழுதச் சொல்லித் தண்டித்தேனே, அந்தப் பையனிடம் இருந்தது சோம்பலன்று; ஒரு சூத்திரம். சூத்திரத்தை அவன் எங்கும் மீறவில்லை. எங்கள் கல்லூரி வகுப்பில் எத்தனை பேர் தங்கள் சூத்திரத்துக்கு இவ்வளவு விசுவாசமாக இருந்தார்கள் என்பது சந்தேகம்.

காரணம் தெரிந்துவிட்டது, இனித் திருத்துவதற்கு என்ன என்று எண்ணினேன். அங்கேதான் இரண்டாவது தடவை தோற்றேன். இட மதிப்பைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். பெரியவரின் கடையிலிருந்து புளியங்கொட்டை வாங்கிப் பத்துப் பத்தாகக் குவித்துக் காட்டினேன். ஒன்பது குவியலும் எட்டுக் கொட்டையும் என்று காட்டினால், "ஒன்பது பத்து, எட்டு" என்று அவன் சரியாகச் சொன்னான். சரியாக 98 என்றும் எழுதினான். அதன் பெயர் என்ன என்று கேட்டால் விழித்தான். அவனுடைய தொந்தரவு எண்ணில் இல்லை, பெயரில் இருந்தது. நானோ எண்ணையே திரும்பத் திரும்பப் போதித்துக்கொண்டிருந்தேன். வியாதி ஓரிடம், பற்று ஓரிடம்.

இதையெல்லாம் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி (தன் தம்பியை அழைத்துப் போக வந்தவள், எங்கள் வகுப்பில் சேர்ந்தவள்கூட அல்ல) பொறுமை இழந்து, "டேய், தொண்ணுனு வந்தா இன்னும் நூறு ஆவலைன்னு அர்த்தம்டா" என்றாள்.

அவ்வளவுதான். பையன் ஒரு தரம் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டான். தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு என்று நூறு வரை விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு பலகையை எச்சில் தொட்டு அழித்துவிட்டு 98 என்று எழுதினான். அப்புறம், யாரும் கேளாமலே, அதன் கீழே 998 என்று எழுதினான்.

அந்தப் பெண்ணிடம், இது எப்படி உனக்குத் தெரியும் என்று கேட்டேன். தானும் மூன்றாம் வகுப்பில் இதே தப்பைச் செய்து அடி வாங்கியதாகவும், பிறகு தானே இப்படி நினைத்துக்கொண்டதாகவும் சொன்னாள். அவளுக்கும் அந்தத் தப்புக்கும் இடையே இருந்த தூரம் இரண்டு வருஷம். எனக்கும் அதற்கும் இடையே பத்து வருஷத்துக்கு மேல், வழியையே மறந்துவிட்டேன். (அதே பெண் கால்படியில் பாதி எவ்வளவு என்ற கேள்விக்கு, எனக்கு முன்னால், எண்ணெய்க் கடைப் பாஷையிலேயே 'அரைக்கால்' என்று விடை சொல்லி, பின்னப் பெருக்கலை எனக்குப் புதிதாகக் கற்பித்த வரலாற்றை அடுத்த வாரத்துக்கு ஒத்தி வைக்கிறேன்.)

மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளைதான் மணலில் எழுத்தைப் போட்டுக் காட்டுவான். எண்சுவடியை முறை வைத்துச் சொல்ல, மற்றவர் பின்பற்றிச் சொல்வார்கள். 1789-இல் சென்னை எழும்பூரில் ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கென இருந்த விடுதிக்கு மேலதிகாரியாக வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார், நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் விடுதியிலும் கொண்டுவர முயன்றார். சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள். அவர் எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர்களால் ஆகாதது அந்தப் பையனால் ஆயிற்று. 1797-இல் லண்டனில் அவர் இதைப் பற்றி எழுதி வெளியிட்ட பிரசுரத்தின் பயனாகச் 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. பெல்லின் சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் 'மதராஸ் காலேஜ்' என்ற பெயரோடு இன்றும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது.

அந்த முறையைச் சீமையில் கைக்கொண்டவர்கள் அதில் கண்ட முக்கிய குணம், சிக்கனம். ஓர் ஆசிரியர் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நடத்திவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். சட்டாம்பிள்ளைகள் உருப்போட வைக்கும் யந்திரங்களாக மாறினார்கள்; சில தலைமுறைக்குள் முறையே மங்கிப்போயிற்று. எட்டு வயதுப் பையன் வெற்றி பெற்றதற்குக் காரணம் அவன் மலிவாகக் கிடைத்தான் என்பதா? அரிச்சுவடியில் தான் இடறி விழுந்த இடம் அவனுக்கு மறக்கவில்லை என்பதுதான் காரணம் என்பது என் துணிபு. அதை விட்டுவிட்டுச் செலவுக் குறைவை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள், தேங்காயை எறிந்துவிட்டு நாரை வைத்துக்கொண்டவர்கள்.

எங்கள் ஊர் மேதையான ராமாநுஜன் கல்லூரிப் படிப்பு தவறி வறுமையில் உழன்ற நாட்களில், பி.ஏ. பரீட்சைக்குப் போகும் ஒருவருக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்க முற்பட்டதும், அவர் பேசியதெல்லாம் அனந்தத்தைப் பற்றியே இருந்ததால் பரீட்சைக்கு உதவாது என்று அந்த மாணவர் சில நாட்களிலேயே விலகிக்கொண்டதும் அவருடைய சரித்திரத்தில் காணப்படுகின்றன. தெய்வ கடாட்சம் பெற்றவருக்கு இடறி விழுந்த இடம் என்று ஒன்று இருந்தால்தானே மற்றவருக்குக் காட்டுவதற்கு! எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது. நான் இடறியவனே, இடறியதை மறந்தவன்.

மறுநாளிலிருந்து அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணைத் திண்ணையில் எங்களோடு உட்கார்த்திக்கொண்டோம். எண்களுக்கு அவள், மற்றவற்றுக்கு நாங்கள் என்று ஏற்பாடு. எண்ணெய்க் கடைப் பெரியவர் இதைப் பார்த்துவிட்டு, "தம்பி, வாத்தியார் மூணு பேர் போதலையா?" என்று கேட்டார். போதவில்லை என்றுதான் சொன்னேன்.

இதைப் படிக்கும் அன்பர்கள் வீட்டில் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படிக்கிற பிள்ளை இருந்தால், இன்று மாலை தொண்ணூற்றெட்டு எழுதச் சொல்லிப் பாருங்கள். எழுதியது சரியாயிருந்தாலும் தவறாயிருந்தாலும், ஏன் அப்படி எழுதினாய் என்று ஒரு தரம் கேளுங்கள். கேட்டபின், பிள்ளை வாயைத் திறக்கும் வரை, தயவுசெய்து நீங்கள் ஒன்றும் பேசாமலிருங்கள்.