வழிகாட்டி இல்லாமல் – 7
செவ்வாயன்று பூட்டும் அரண்மனை

சென்ற வாரம் இஸ்தான்புல்லில் தங்குமிடத்தை முடிவுசெய்தோம். சுல்தானகமெட் டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே அறை. இனி, எதை எந்தக் கிழமையில் பார்ப்பது?

பார்க்க வேண்டியவற்றின் பட்டியல் எந்த இணையதளத்திலும் கிடைக்கும். நான் முதலில் எழுதிக்கொள்வது பூட்டியிருக்கும் நாட்களை. டோப்காபி அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை. கிராண்ட் பஜாருக்கு ஞாயிறு. நீல மசூதிக்குக் கட்டணம் இல்லை. ஆனால் தொழுகை வேளைகளில் பயணிகளை உள்ளே விடமாட்டார்கள், வெள்ளியன்று ஜும்ஆ முடிந்த பிறகுதான் அனுமதி. தொழுகை நேரம் சூரியனோடு நகர்வது. ஜூனில் போய்வந்த நண்பர் சொன்ன நேரம் டிசம்பரில் உதவாது.

ஹாகியா சோபியாவுக்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். 537-இல் பேரரசர் ஜஸ்டினியன் கட்டி முடித்த தேவாலயம் 1453-இல் மசூதியாகி, 1935-இல் அருங்காட்சியகமாகி, 2020-இல் மறுபடி மசூதியானது. 2024 ஜனவரி முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தனி வாசல், 25 யூரோ கட்டணம். அதுவும் மேல்மாடத்துக்கு மட்டும். தரைத்தளம் தொழுகைக்கு. இதைக் கேட்டுப் பலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கென்னவோ மேல்மாடமே லாபம் என்று படுகிறது. பேரரசி ஸோயியின் மொசைக் ஓவியம் அங்கேதான் இருக்கிறது. வைகிங் வீரன் ஒருவன் பளிங்குக் கைப்பிடிச் சுவரில் ஹால்ஃப்டான் என்று தன் பெயரைக் கீறிவைத்ததும் அங்கேதான். (கோயில் மதிலில் பெயர் செதுக்கும் நம்மவர்களுக்குப் பழைய கூட்டாளி!) முதல் குவிமாடம் 558-இல் இடிந்து விழுந்தது. அது தட்டையாக இருந்து சுவர்களை வெளியே தள்ளியதால், அடுத்ததை உயர்த்திக் கட்டினார்கள். குவிமாடத்தின் பாரத்தில் தூண்கள் வெளிப்பக்கம் சாய்ந்திருப்பதை மாடத்தில் நடக்கும்போதே பார்க்கலாம்.

அரண்மனை பூட்டிய செவ்வாயை ஆசியாவுக்குக் கொடுத்துவிடுங்கள். எமினோனு துறையில் 'போஸ்பரஸ் உலா' என்று கூவிக் கூவி அழைப்பார்கள். காதில் வாங்காமல் தாண்டிப் போனால் ஊர்க்காரர்கள் வேலைக்குப் போய்வரும் காடிகோய் கப்பல் நிற்கும். டிராமுக்கும் மெட்ரோவுக்கும் காட்டும் அதே இஸ்தான்புல்கார்ட் அட்டை போதும். வெளித்தட்டில் இடம்பிடித்து, இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில் ஒரு தேநீர் வாங்கிக்கொள்ளுங்கள். தேநீர் முடிந்து சிறிது நேரத்தில் அடுத்த கண்டம். காடிகோயில் செவ்வாய்தோறும் பெரிய வாரச்சந்தை கூடும். திரும்பும் கப்பலை மட்டும் அந்திக்கு வைத்துக்கொள்ளுங்கள்: சூரியன் பழைய நகரத்துக்குப் பின்னால் இறங்கும். கட்டண உலாக்காரர்கள் காட்டுவதும் இதே மினார்களைத்தான்.

பஜார் மூடிய ஞாயிற்றுக்கு சுலைமானியே மசூதி. கட்டடக் கலைஞர் சினான் 1557-இல் முடித்தது. நீல மசூதியைவிட எனக்கு இதுவே உசத்தி. கூட்டமும் குறைவு, பின்முற்றத்திலிருந்து பொற்கொம்பு நீர்வழி முழுக்கத் தெரியும். எதிர்ச்சாரியில் வரிசையாகச் சிறு உணவகங்கள். வெள்ளை மொச்சைபோல் ஒரு பயறு, தக்காளிக் குழம்பில் வெந்தது, சோற்றோடு தருவார்கள். சைவக்காரர்கள் இறைச்சி சேர்த்ததா என்று கேட்டுவிட்டு உட்காருவது நல்லது.

(தொடரும்)