பலர் இயற்றும் புனைவுலகும் அதன் நெறிகளும்

முன்னுரை

ஒரு நூல் ஒருவர் உள்ளத்தே தோன்றி அவர் பெயரால் வழங்குதல் இலக்கிய உலகின் பெருவழக்கு. முகமறியாத பலர் கூடி ஒரு கற்பனை உலகை ஆக்குதலும், அவ்வுலக மாந்தராகத் தம்மைப் பாவித்து எழுதுதலும் கணிப்பொறியின் வழியே வளர்ந்த புதுவழக்காகும். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்சு பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்சா தொடங்க, ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்த எழுத்துவடிவ விளையாட்டு இதற்கு முன்னோடிகளுள் ஒன்று. இத்தகைய கூட்டுப் புனைவு சிதறுண்டு போகாமல் நிலைபெறுதற்குக் காரணம் யாது? 'எஸ்.சி.பி. பவுண்டேசன்' என்னும் அறிவியற் புனைவுத் தொகுதியைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

தோற்றம்

2007-இல் ஃபோர்சான் என்னும் இணையக் களத்தில், பெயர் கூறாத ஒருவர் சிறு குறிப்பொன்றை வெளியிட்டார். அது ஒரு சிலையைப் பற்றியது. காண்போர் கண் அதன்மேல் இருக்குந்துணையும் அச்சிலை அசையாது. கண் இமைத்த அளவில் பாய்ந்து கழுத்தை முறிக்கும். இயற்கைக்கு மாறான பொருள்களைக் கைப்பற்றி அடைத்துவைக்கும் மறைநிறுவனம் ஒன்றன் ஆவணம்போல அக்குறிப்பு எழுதப்பட்டிருந்தது. அதற்கு இடப்பட்ட எண் 173. அவ்வெண் ஏனைய எண்களுக்கும் இடம் வைத்தது. பிறர் அவ்விடங்களை நிரப்பத் தலைப்பட்டனர். 2008-இல் இம்முயற்சி விக்கிடாட் தளத்தில் தனக்கெனத் தனியிடம் பெற்றது. பின்னர் உருசியம், சப்பானியம், கொரியம், சீனம், பிரெஞ்சு முதலிய மொழிகளிலும் கிளைகள் தோன்றின. அவை மொழிபெயர்ப்போடு அமையாது தமக்குரிய புதுப் படைப்புக்களையும் ஆக்கிவருகின்றன.

கூற்று மரபு

அகப்பாட்டில் புலவர் தம் கூற்றாக யாதும் உரையாது, தலைவி, தோழி முதலியோர் கூற்றாகவே உரைப்பதனை நாம் அறிவோம். பல புலவர் பாட்டுக்கள் ஓருலகத்தனவாகத் தோன்றுதற்கு அம்மரபு பெருந்துணை செய்கின்றது. இப்புனைவுத் தொகுதியிலும் எழுதுவோர் பலராயினும் கூறுவோன் ஒருவனே. அவன் நிறுவனத்து அலுவலன். உணர்ச்சி காட்டாது பதிவு செய்பவன். பொருளின் எண், வகை, அடைத்துவைக்கும் முறை, விளக்கம் என்பன பெரும்பாலும் இவ்வரிசையிலேயே அமையும். சேஃப், யூக்ளிட், கெட்டர் என்னும் வகைகள் பொருளின் கொடுமையைக் குறிப்பன அல்ல. அதனை அடக்கிவைப்பதன் அருமையைக் குறிப்பனவாம். சில சொற்கள் கருமை பூசி மறைக்கப்படும். கூறியதினும் கூறாதது மிகுந்த அச்சம் விளைத்தலை எழுதுவோர் உணர்ந்திருந்தனர்.

தொடக்கக் காலத்து எழுத்தாளருட் சிலர் தம் புனைபெயரையே நிறுவன ஆராய்ச்சியாளர் பெயராக்கி உலவவிட்டனர். இதனாற் கதைகள் ஒன்றோடொன்று தொடர்புற்றன. ஆயின் பொருளினும் பாத்திரமே விஞ்சி நிற்கும் குறையும் சிலவிடத்து நேர்ந்தது. பாத்திரமேற்று எழுதுவார்க்கு இஃது என்றும் உள்ள இடர்ப்பாடாகும்.

ஏற்பும் விலக்கும்

தொகைநூலைத் தொகுப்பார் முன்னரே இயன்ற பாட்டுக்களைத் தேர்ந்து அடைவுபடுத்துவர். ஈண்டோ இயற்றலும் தேர்தலும் உடனிகழ்வன. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு படைப்பை ஏற்றோ மறுத்தோ வாக்களிக்கலாம். மறுப்பு வாக்குக்கள் ஏற்பு வாக்குக்களினும் பத்து மிகுமாயின் அப்படைப்பு நீக்கத்திற்கு உரியதாகும். இம்முறை கடுமையுடையது; புதியோர் பலரை மனம் தளரச் செய்வது. ஆயினும் இதுவின்றேல் குவியலாவதன்றித் தொகுதியாதல் அரிது. முன்வரைவைப் பிறர்க்குக் காட்டித் திருத்தம் பெறும் வழக்கம் அக்கடுமையை ஓரளவு தணிக்கின்றது.

தரத்திற் காட்டும் இக்கண்டிப்பைக் கதைப்பொருளின் ஒருமையில் இவர்கள் காட்டுவதில்லை. முடிந்த முடிபாகிய கதை வரலாறு ஒன்று இல்லை என்பது இவர்தம் கொள்கை. 001 என்னும் எண்ணுக்கு ஒன்றற்கொன்று முரணான படைப்புக்கள் பல உள. உண்மையை மறைத்தற்கு நிறுவனமே பொய் ஆவணங்களைப் பரப்பியது என்று அம்முரணையும் கதையின் உறுப்பாக்கிக்கொண்டனர். இதனால், பின்வருவோன் முன்னோன் கதையை அழியாமலே தன் கதையை இயற்றற்கு இடம் கிடைத்தது.

உரிமைச் சிக்கல்

பலர் ஆக்கிய உலகம் யாருக்கு உரியது? இத்தொகுதி 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிம வகைகளுள் ஒன்றனைக் கைக்கொண்டது. அதன்படி யாவரும் இப்படைப்புக்களை எடுத்தாளலாம், விற்கவும் செய்யலாம். மூல ஆசிரியர் பெயரைக் கூறுதலும், வழிநூலுக்கும் அவ்வுரிமையையே அளித்தலும் கடமையாம். 2012-இல் வெளிவந்த 'கன்டெயின்மென்ட் பிரீச்' என்னும் கணிப்பொறி விளையாட்டு இவ்வழிப் பிறந்ததே.

ஆயின் முதற் படைப்பிலேயே ஓர் இடையூறு கிடந்தது. 173-க்கு அணியாக இருந்த படம் சப்பானியச் சிற்பி இசுமி காட்டோவின் சிற்பத்தினது. அவர் இசைவு முன்னர்ப் பெறப்படவில்லை. வணிக நோக்கின்றிப் பயன்படுத்துதலை அவர் பின்னர்ப் பொறுத்துக்கொண்டார். வணிகத்திற்கும் இடந்தரும் உரிமத்தோடு இது பொருந்தவில்லை. 2022-இல் அப்படம் நீக்கப்பட்டது. எவ்வுருவால் இவ்வுலகம் அறியப்பட்டதோ அவ்வுருவையே இழக்க அவர்கள் துணிந்தனர். எழுத்து மட்டும் நின்றது.

மற்றொரு சான்று இதன் மறுபுறத்தைக் காட்டும். கியூ.என்.டி.எம். என்னும் புனைபெயரினர் இத்தொகுதியில் எழுதிய 'தேர் இஸ் நோ ஆன்ட்டிமீமெட்டிக்ஸ் டிவிஷன்' பெரும்புகழ் பெற்றது. வணிகப் பதிப்பகத்தின் வழியே 2025-இல் அது வெளிவந்தபோது, பொதுவுலகிற்குரிய பெயர்களை நீக்கித் திருத்தவேண்டியதாயிற்று. பொதுவிற் கொண்டதனைத் தனக்கே உரியதாக்கிக்கொள்ளல் இயலாது என்பது இதனாற் பெறப்படும்.

முடிவுரை

கூட்டுப் புனைவு நிலைபெறுதற்குக் கற்பனை வளம் மட்டும் போதாது என்பதும், பொதுக் கூற்று, தேர்வு முறை, முரணுக்கு இடந்தருதல், உரிமைத் தெளிவு ஆகிய நான்கும் இன்றியமையாதன என்பதும் மேற்கூறியவாற்றாற் புலனாம். இவற்றுள் முதன் மூன்றும் எழுதுவோர் பழக்கத்தால் தாமே உருவாகக்கூடியன. நான்காவதனைத் தொடக்கத்திலேயே வரையறுத்தல் வேண்டும். பின்னர்த் தேடின் அதன் விலை மிகுதியாகும் என்பதற்கு நீக்கப்பட்ட அப்படமே சான்றாகும்.